பாதி வருடம் பட்டறையில் இருக்கும் பிள்ளையின் மார்க்கை எப்படிப் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மத்தியப் பகுதிக்குக் குடிவந்து இரண்டு வருடமான ஒரு தமிழ்க் குடும்பம். மகள் எட்டாம் வகுப்பு. ஊர்ப் பள்ளி வேண்டாம், அரசு தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போவேன், விலங்கு மருத்துவ உதவியாளர் படிப்பு அங்கே இருக்கிறது என்கிறாள். அம்மா அந்தப் பள்ளியின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாதிக்கு மேல் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பு மாநிலத் தேர்வில் ஊர்ப் பள்ளியைவிடக் குறைந்த மதிப்பெண். ஆனால் நான்கு வருடத்தில் படிப்பை முடிப்பவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். "எண்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவே, இது நல்ல பள்ளியா, சுமாரா? ஊரில் சொன்னால் ஐடிஐயில் சேர்த்துவிட்டாயா என்று கேட்பார்கள்" என்கிறார்.

ஐடிஐ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஐடிஐயில் சேர்ந்தால் தொழில் சான்றிதழ்தான் முதன்மை. இங்கே பிள்ளை தொழிலும் கற்று, மற்ற எல்லாப் பள்ளிகளும் தருகிற அதே உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவையும் வாங்குகிறது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் உண்டு, மாநிலத் தேர்வும் உண்டு. நம் ஊரில் ஒப்பிட வேண்டுமானால் பிளஸ் டூ தொழிற்பாடப் பிரிவைச் சொல்லலாம், அதுவும் பாதிதான் பொருந்தும். ஒன்று மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வரும்போது அறிவியல் பிரிவு 96 சதவீதத்தைத் தொட்டு நிற்கும், தொழிற்பாடப் பிரிவு அதற்குப் பத்துப் புள்ளி கீழே இருக்கும். பார்க்கிறவர்கள் உடனே "அங்கே சொல்லித்தரவில்லை" என்பார்கள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது யாரை எந்தப் பிரிவில் தள்ளினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் கேள்விக்கும் என் பதில் அதுதான். பள்ளியின் எண்கள் முதலில் யார் உள்ளே வந்தார்கள் என்பதைச் சொல்லும். பள்ளி என்ன செய்தது என்பதை அதற்குப் பிறகுதான், அதுவும் முதலாவதை நாம் கழித்துப் பார்த்தால்தான், சொல்லும்.

இந்தப் பள்ளிகள் பிறந்ததே ஒரு தலைக்கணக்கில் இருந்துதான். 1906இல் மாசசூசெட்ஸ் ஆளுநரின் பெயரால் டக்ளஸ் ஆணையம் என்று அழைக்கப்பட்ட குழு ஓர் அறிக்கை கொடுத்தது. 14 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில் 25,000 பிள்ளைகள் பள்ளியிலும் இல்லை, உருப்படியான வேலையிலும் இல்லை என்றது. அதை வைத்துத்தான் அரசுப் பணத்தில் தொழிற்பள்ளிகள் திறந்தார்கள். உஸ்டர் நகரில் (எழுத்தைப் பார்த்து வொர்செஸ்டர் என்று வாசிக்காதீர்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்) 1910இல் ஆண்பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளி வந்தது. அதை ஒட்டிப் பெண்களுக்குத் தனியாக ஒன்றும் வந்தது. ஆகப் படிப்பில் ஒட்டாத பிள்ளைகளுக்கான இடம் என்ற முத்திரை ஆரம்பத்திலேயே குத்தப்பட்டுவிட்டது. கால்நூற்றாண்டுக்கு முன்வரைகூட ஊர்ப் பள்ளி கவுன்சலர்கள் தங்களுக்குத் தலைவலியான பையன்களைத்தான் அங்கே அனுப்பினார்கள் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். பெரும்பாலான தொழிற்கல்விப் பள்ளிகளில் ஒரு வாரம் வகுப்பறை, அடுத்த வாரம் பட்டறை. ஷாப் வாரம் என்பார்கள். அந்த வாரத்தில் கணக்கு வகுப்பு கிடையாது, ஆங்கிலம் கிடையாது. காலையில் பூட்ஸ் மாட்டி, கண்ணாடி போட்டு நின்றால் மாலைவரை அங்கேதான். ஆக எம்காஸ் எனும் மாநிலத் தேர்வைப் பத்தாம் வகுப்பில் எழுதும்போது, ஊர்ப் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்த கணக்கு வகுப்புகளில் ஏறக்குறைய பாதியில்தான் இந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். 1993 கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, 2003இல் படிப்பை முடிக்கிறவர்களிலிருந்து இந்தத் தேர்வில் தேறினால்தான் டிப்ளமா என்று வந்தபோது, தொழிற்கல்விப் பள்ளிகள் அலறியதற்குக் காரணம் அதுதான். எங்கள் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்றுவிடுவார்கள் என்றார்கள். அப்படி நடக்கவில்லை. பட்டறைக்குள்ளேயே கணக்கைக் கொண்டுவந்தார்கள்.

அதை நான் ஒரு திறந்த நாளில் (பெற்றோரும் பிள்ளைகளும் பள்ளியைச் சுற்றிப்பார்க்க விடும் நாள்) பக்கத்திலிருந்து பார்த்தேன். எலக்ட்ரிகல் ஷாப்பில் ஒரு பையன் இரும்புக் குழாயை வளைத்துக்கொண்டிருந்தான். சுவரில் ஆறு அங்குலம் துருத்தி நிற்கும் ஒரு தடையைத் தாண்டிக் குழாய் போக வேண்டும். முப்பது டிகிரி வளைவு. அவன் பென்சிலால் இரண்டு கோடு போட்டான். இரண்டுக்கும் நடுவில் சரியாக 12 அங்குலம். எப்படித் தெரியும் என்றேன். "முப்பது டிகிரிக்கு ரெண்டால பெருக்கணும், நாப்பத்தஞ்சுக்கு ஒண்ணு புள்ளி நாலு" என்ற கணக்கை ஆங்கிலத்தில் மடமடவென்று ஒப்பித்தான். அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் விழித்தான். பக்கத்தில் நின்ற ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் வகுப்பறையில் சைன் முப்பது என்றால் அரை என்று சொல்லித்தருவோம், அப்போது தலையில் அடித்துக்கொள்வான்" என்றார். குழாய் சுவரில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவனுடைய எம்காஸ் மார்க் எனக்குத் தெரியாது. நல்ல மார்க்காக இருந்தாலும் சுமாராக இருந்தாலும், அந்தப் பன்னிரண்டு அங்குலம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

எண்களைப் படிக்கும்போது இன்னும் சில குழிகள் இருக்கின்றன. பழைய மதிப்பெண்ணைப் புதியதோடு ஒப்பிடாதீர்கள். 2019இல் பத்தாம் வகுப்புத் தேர்வே மாறிவிட்டது. முன்பு 200 முதல் 280 வரை இருந்த அளவுகோல் 440 முதல் 560 வரை ஆனது, எட்ட வேண்டிய தரத்தின் கோடும் உயர்ந்தது. ஆங்கிலத்தில் அந்தத் தரத்தை எட்டியவர்கள் (டிப்ளமாவுக்கான தேர்ச்சி வேறு) மாநிலம் முழுக்க 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 60ஐ ஒட்டி வந்து நின்றது. பிள்ளைகள் ஒரே வருடத்தில் மக்காகிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது. அப்புறம் 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில், எம்காஸ் தேறினால்தான் டிப்ளமா என்ற விதியே போய்விட்டது. தேர்வு இன்னும் நடக்கிறது, ஆனால் கழுத்தில் கத்தி இல்லை. பதினாறு வயதுப் பையன் அந்தக் காலை நேரத்தில் எவ்வளவு மனம் வைத்து எழுதினான் என்பதும் இனி அந்த எண்ணுக்குள் கலந்திருக்கும்.

"பாதிக்கு மேல் ஏழைப் பிள்ளைகள்" என்பதிலும் இதே கதைதான். முன்பெல்லாம் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குப் படிவம் நிரப்பியவர்களை எண்ணினார்கள். பிறகு நகரப் பள்ளிகள் பலவும் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியதால் படிவமே தேவையில்லாமல் போனது. 2015 வாக்கில் மாநிலம் வேறு கணக்குக்கு மாறியது, உணவு உதவி போன்ற அரசுத் திட்டங்களில் பெயர் இருந்தால்தான் சேரும் என்றது. உதவி வாங்கத் தகுதியில்லாத, அல்லது அரசிடம் பெயர் கொடுக்கப் பயந்த குடியேறிகளின் பிள்ளைகள் கணக்கிலிருந்து விழுந்தார்கள். 2022 வாக்கில் வறுமைக்கோட்டின் 185 சதவீதம்வரை என்று மறுபடி விரித்தார்கள். ஆகவே பத்து வருட வரைபடத்தில் ஏழைகளின் விகிதம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறினால் ஊர் பணக்காரனாகி மறுபடி ஏழையானது என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பிள்ளை பேனாவை மாற்றியிருக்கிறான்.

இப்போது முக்கியமான இடம்: வாசல். ஊர்ப் பள்ளி, ஊரில் இருக்கிற எல்லோரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்கல்விப் பள்ளி அப்படியல்ல. 2003 முதல் இந்த மாநிலத்தில் அவை, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால், நடுநிலைப் பள்ளி மதிப்பெண், வருகைப்பதிவு, ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு, கவுன்சலர் சிபாரிசு இவற்றுக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தின. பலவற்றில் நேர்காணலும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பில் மாதம் நான்கு நாள் வராத பிள்ளை யார்? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறவள், வாடகை கட்ட முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருப்பவன். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக வந்தவனுக்கு நேர்காணலில் என்ன புள்ளி கிடைக்கும்? மாநிலமே வெளியிட்ட கணக்குகளில், வருமானம் குறைந்தவர்கள், ஆங்கிலம் கற்கும் நிலையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையர் அல்லாதவர்கள் ஆகியோருக்கு விண்ணப்பித்தவர்களில் இடம் கிடைத்த விகிதம் குறைவாகவே இருந்தது. இதை வைத்துச் சமூக அமைப்புகள் 2023இல் மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைப் பிரிவில் புகாரே கொடுத்தன.

இதை இரண்டு பள்ளிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒன்று உஸ்டர் டெக், அந்த 1910 பள்ளியின் வாரிசு. 2006இல் மலைமேல் புதிய கட்டடத்துக்குப் போனது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருந்தும், 2013இல் சிறந்த பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் நீல ரிப்பன் விருது வாங்கியது. 2014 ஜூனில் பட்டமளிப்பு விழாவில் பேச அதிபர் ஒபாமாவே வந்தார். உள்ளேயே மாணவர்கள் நடத்தும் உணவகம் இருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளியோடு சேர்ந்து நடத்தும் விலங்கு மருத்துவமனை 2012 முதல் இருக்கிறது. வசதியில்லாத வீடுகளிலிருந்து வரும் நாய், பூனைகளுக்குக் குறைந்த கட்டணம். வருங்கால மருத்துவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தர, பள்ளிப் பிள்ளைகள் நாயைப் பிடித்துக்கொள்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், குறிப்பு எழுதுகிறார்கள். உங்கள் மகள் மனத்தில் இருப்பது ஏறக்குறைய இதுதான்.

இன்னொன்று பாஸ்டனில் ராக்ஸ்பரி பகுதியில் உள்ள மேடிசன் பார்க், 1977இல் கட்டிய பெரிய வளாகம், நகரப் பள்ளிகளுக்குள் முழுநேரத் தொழிற்கல்வி தரும் பள்ளி. அங்கேயும் ஏழைப் பிள்ளைகள்தான். ஆனால் பல வருடங்கள் தேர்ச்சியிலும் வருகையிலும் திணறி, 2015இல் மாநிலத்தின் பின்தங்கிய பள்ளிப் பட்டியலில் போய் விழுந்தது. நிர்வாகக் குளறுபடி ஒரு காரணம், தலைமையாசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தது ஒரு காரணம். மறுக்கவில்லை. ஆனால் வாசலையும் பாருங்கள். பாஸ்டனில் நுழைவுத் தேர்வுப் பள்ளிகள் மூன்று இருக்கின்றன, அவற்றில் ஒன்று 1635இலிருந்து நடக்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளையை அவை முதலில் எடுத்துக்கொள்ளும். மேடிசன் பார்க்குக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாகவில்லை, ஆகவே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, வந்தவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டது. உஸ்டரில் அந்த அளவுக்குப் பேர்போன தேர்வுப் பள்ளி கிடையாது. படிக்கிற பிள்ளையும் டெக்குக்குத்தான் வரிசையில் நின்றான். இரண்டு பள்ளிகளின் மக்கள்தொகைப் பட்டியலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஏழைப் பிள்ளை என்ற ஒரே கட்டத்துக்குள் பள்ளியைத் தானே தேடி வந்தவனும் வேறு இடமில்லாமல் வந்தவனும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள்.

அப்படியானால் பள்ளி ஒன்றுமே செய்வதில்லையா, எல்லாம் பொறுக்கி எடுத்ததன் பலனா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆராய்ச்சி உதவுகிறது. மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டால், இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிள்ளைகள், வித்தியாசம் பள்ளி மட்டுமே. மாசசூசெட்ஸின் மண்டலத் தொழிற்கல்விப் பள்ளிகளை இப்படி ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, உரிய காலத்தில் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதப் புள்ளி கூடுகிறது, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகக் கூடுவதுபோல் தெரிகிறது என்றது. எம்காஸ் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பாதி நேரம் பட்டறையில் கழித்தும் நஷ்டமில்லை என்பது எனக்குப் பெரிய செய்தி. பக்கத்து மாநிலம் கனெக்டிகட்டில் இதே முறையில் செய்த ஆய்வில் பையன்கள் படிப்பை முடிப்பது 10 புள்ளியளவு கூடியது, பிறகு சம்பாத்தியமும் கூடியது. பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வித்தியாசம் தென்படவில்லை. மகளுக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

பெண்களுக்கு ஏன் இல்லை? என் ஊகம், பள்ளிக்குள் இருக்கும் இரண்டாவது வாசல். ஒன்பதாம் வகுப்பில் முதல் சில மாதங்கள் பிள்ளைகள் ஷாப் ஷாப்பாகச் சுற்றிவருவார்கள். தச்சு, குழாய் வேலை, மின்சாரம், சமையல், அழகுக்கலை, செவிலியர் உதவி, கார் பழுது என்று எல்லாவற்றிலும் சில நாள். ஒவ்வொன்றிலும் மார்க் உண்டு. பிறகு விருப்ப வரிசை எழுதித் தருவார்கள். மார்க் அதிகமானவனுக்கு முதலில் விரும்பியது கிடைக்கும். மின்சாரம், பிளம்பிங் எல்லாம் முதலில் நிரம்பும், ஏனென்றால் பணம் அங்கே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் உரிமத்துக்கு இந்த மாநிலத்தில் 8,000 மணி நேர வேலையும் 600 மணி நேர வகுப்பும் வேண்டும், பள்ளியில் கழித்த நேரத்தில் ஒரு பகுதி அதில் கழியும். அழகுக்கலையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அந்தத் தொழிலின் கூலி குறைவு. ஆண்கள் பெரும்பாலும் இருக்கும் தொழிலில் எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள் என்று தனியாக எண்ணிச் சொல்லவேண்டும் என்று தொழிற்கல்விக்குப் பணம் தரும் மத்திய அரசின் பெர்கின்ஸ் சட்டமே கேட்கிறது. பள்ளியின் மொத்தக் கணக்கில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று பார்த்துத் திருப்திப்படாதீர்கள், ஷாப் வாரியாகக் கேளுங்கள்.

அந்த 95 சதவீதத்துக்கும் ஒரு அடிக்குறிப்பு வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த கூட்டத்தில் எத்தனை பேர் நான்கு வருடத்தில் முடித்தார்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் நடுவில் வேறு பள்ளிக்கு மாறிப்போனவன் இந்தக் கூட்டத்திலிருந்து கழிந்து, போன பள்ளியின் கூட்டத்தில் சேர்ந்துவிடுவான். தொழிற்கல்விப் பள்ளியில் ஒட்டாத பிள்ளை ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி, அங்கே படிப்பை நிறுத்தினால் பழி ஊர்ப் பள்ளிக்குத்தான். எதிர்த்திசையில் போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் இங்கே பதினொன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர முடிவது அபூர்வம். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பன்னிரண்டில் எத்தனை பேர் என்று இரண்டு எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் காரணம் கேட்கலாம்.

இனி இந்தக் கணக்கெல்லாம் மாறப்போகிறது. 2025 மே மாதம் மாநிலக் கல்வி வாரியம், விண்ணப்பம் அதிகமுள்ள தொழிற்கல்விப் பள்ளிகள் குலுக்கல் முறைக்கு மாற வேண்டும் என்று முடிவெடுத்தது. 2026 இலையுதிர்காலத்தில் சேர்கிறவர்களிலிருந்து அது நடைமுறை. வருகை, ஒழுங்கு போன்ற சிலவற்றுக்கு இன்னும் இடம் வைத்திருக்கிறார்கள், ஆனால் மதிப்பெண் வரிசையும் நேர்காணலும் முன்போல இல்லை. பள்ளி நிர்வாகங்கள் கடுமையாக எதிர்த்தன. ஆபத்தான இயந்திரத்துக்கு முன்னால் நிற்கப்போகிறவன் பொறுப்பானவனா என்று பார்க்க வேண்டாமா என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மின்வாளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி, அதன் தேவை அதிகமுள்ள பிள்ளைக்கே கதவைச் சாத்துவதை நான் எப்படியும் ஆதரிக்க மாட்டேன். குலுக்கலில் வந்த முதல் கூட்டம் எம்காஸ் எழுதுவது 2028இல், படிப்பை முடிப்பது 2030இல். அப்போது எண்கள் இரண்டு புள்ளி இறங்கினால் "பள்ளி கெட்டுப்போச்சு" என்று ஒரு கூச்சல் கிளம்பும். நீங்கள் வாசல் மாறியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், சேர்க்கலாம் என்பேன், இரண்டு விஷயத்தைச் சரிபார்த்துக்கொண்டு. கால்நடை மருத்துவராகவே ஆக வேண்டும் என்றால் அதற்கு நீண்ட கல்லூரிப் படிப்பு வேண்டும், வேதியியலும் கணக்கும் கெட்டியாக வேண்டும். ஆகவே அந்தப் பள்ளியில் மேல்நிலைக் கணக்கு எதுவரை போகிறது, கல்லூரிநிலைப் பாடங்கள் எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள். பாதி வாரங்களில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது என்பதால் இங்கேதான் பொதுவாக இடிக்கும். அயல்மொழி இன்னொன்று. மாநிலப் பல்கலைக்கழகங்களில் இரண்டு வருட அயல்மொழி வேண்டும் என்ற விதிக்குத் தொழிற்கல்வி மாணவருக்கு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். வெளிமாநிலத் தனியார் கல்லூரிகள் அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

திறந்த நாளுக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேடையில் காட்டும் படங்களைப் பார்த்துவிட்டு நேரே அந்த ஷாப்புக்கு நடந்துபோய், அங்கே நிற்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்: எத்தனை இடம், எத்தனை பேர் கேட்டார்கள், கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள், நீ இதை எத்தனையாவது விருப்பமாக எழுதினாய். வீட்டுக்கு வந்து மகளை இரண்டாவதும் மூன்றாவதும் எழுதச் சொல்லுங்கள். விலங்கு ஷாப் கிடைக்காவிட்டாலும் இந்தப் பள்ளியில் நான்கு வருடம் இருப்பேன் என்று அவள் சொன்னால் விண்ணப்பம் போடுங்கள்.